பறவை வெள்ளி: பினாங்கில் மெக்சிகோ நாணயம் சேர்ப்பவர்களுக்கு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு முழம் மல்லிகை என்ன விலை என்று கேட்டால் "அஞ்சு வெள்ளி" என்றுதான் பதில் வரும். கை மாறும் நோட்டில் ஒரு குன்றிமணி வெள்ளிகூடக் கிடையாது. இருந்தாலும் நம் நாக்கு அந்தச் சொல்லை விடவில்லை. அது காரணப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே தெருக்களில் ஒரு டாலர் என்றால் 27 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம், அதில் பெரும்பங்கு மெக்சிகோவில் அச்சானது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் அந்தக் குடும்பத்துக் காசிலிருந்து வந்ததுதான். விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருந்ததால் வந்த பெயர். தூண் படம் போட்ட பழைய ஸ்பானியக் காசை மலாய்க்காரர்கள் 'ரிங்கிட் மெரியம்' என்றார்கள், தூண்கள் அவர்கள் கண்ணுக்குப் பீரங்கியாகத் தெரிந்ததால். கழுகு போட்ட மெக்சிகோ காசு 'ரிங்கிட் புரோங்', பறவை வெள்ளி.

ஆகவே இங்கிருந்துகொண்டு மெக்சிகோ நாணயம் சேர்க்க நினைப்பவர் அந்தப் பழைய வெள்ளி டாலரான எட்டு ரியாலில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 1968 ஒலிம்பிக் 25 பெசோ (22.5 கிராம், ஆயிரத்துக்கு 720 வெள்ளி), 1947, 1948 ஆண்டுகளின் குவாத்தெமோக் 5 பெசோ (30 கிராம், 900), 1977 முதல் 1979 வரை வந்த மொரேலோஸ் 100 பெசோ (27.77 கிராம், 720) எல்லாம் நல்ல காசுகள். விலையும் கையைக் கடிக்காது, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அவை நம் ஊர்க் கல்லாப்பெட்டியில் விழுந்து எழுந்தவை அல்ல. எட்டு ரியால் விழுந்து எழுந்தது.

காசு இங்கே வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மெக்சிகோ நகர நாணயச்சாலை 1535இல் நிறுவப்பட்டது. கெடா சுல்தானுக்குப் பினாங்குக்காக ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாக 1791இல் உடன்படிக்கை ஆனது. 1800இல் அது 10,000 ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கணக்கை ரூபாயில் எழுதினாலும் சந்தை டாலரில்தான் பேசியது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனபோது சட்டம் சந்தையின் வழிக்கு வந்தது. மெக்சிகோ டாலரும் செல்லுபடியாகும் பணம் என்று ஏற்கப்பட்டது. 1903இல் பம்பாயில் அச்சிட்ட நீரிணை டாலர் வந்தது. மறு ஆண்டே மெக்சிகோ காசு செல்லாக்காசு ஆனது. புழக்கத்தில் இருந்தவற்றில் ஏராளமானவை உருக்கப்பட்டன. இன்று நம் கைக்கு வருவது உலைக்குத் தப்பியது.

இனி காசைப் படிக்கப் பழக வேண்டும். 1823க்குப் பிந்திய குடியரசுக் காலத்து எட்டு ரியால் ஒன்றைக் கையில் எடுங்கள். முன்பக்கம் கழுகு, வாயில் பாம்பு, காலடியில் சப்பாத்திக்கள்ளி. நம்மவர் பலர் முதல் பார்வையில் கருடன் என்பார்கள். இது ஏரி நடுவே கள்ளிச்செடி மேல் அமர்ந்த கழுகைப் பார்த்த இடத்தில் ஆஸ்தெக் மக்கள் தலைநகர் அமைத்த கதை. பின்பக்கம் சுற்றிலும் கதிர் வீசும் ஒரு குல்லாய், அதன் பட்டையில் 'லிபெர்தாத்' என்று எட்டு எழுத்து. அடியில் வளைவாக ஓடும் வரிதான் நமக்கு முக்கியம். இடமிருந்து வலம்: எட்டு ஆர் என்ற மதிப்பு, நாணயச்சாலைக் குறி, ஆண்டு, உரை பார்த்த, அதாவது வெள்ளியின் தரம் சோதித்த, அதிகாரிகளின் தலைப்பெழுத்து, கடைசியில் 10 டிஎஸ் 20 ஜிஎஸ்.

அந்தக் கடைசி எண்ணைத் தேதி என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. அது மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை. சுத்த வெள்ளிக்கு 12 தினேரோ, ஒரு தினேரோவுக்கு 24 கிரானோ. 10 தினேரோ 20 கிரானோ என்றால் 12இல் 10.83 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 902.7. காசின் எடை 27.07 கிராம், அதில் சுத்த வெள்ளி 24.4 கிராம். கடைக்காரர் விலை சொன்னதும், அன்றைய வெள்ளியின் ஒரு கிராம் விலையை 24.4ஆல் பெருக்கிப் பாருங்கள். அது தரை விலை. அதற்குக் கீழே யாராவது தந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

நாணயச்சாலைக் குறிகளில் அதிகம் தட்டுப்படுவது மூன்று. எம் எழுத்தின் தலைமேல் குட்டி ஓ இருந்தால் மெக்சிகோ நகரம். இசட், எஸ் என்றால் சகதேகாஸ். ஜி மேல் ஓ என்றால் குவானஹுவாதோ. பி, ஐ என்பது சான் லூயிஸ் பொதோசி, சி, ஏ சிவாவா, சி, என் குலியகான், டி மேல் ஓ துராங்கோ. ஜி, சி என்ற குவாதலூப்பே இ கால்வோ 1844 முதல் 1852 வரை மட்டுமே அச்சிட்டது. அது மலிவாகக் கிடைத்தால் நம்பாதீர்கள். உலக நாணயப் பட்டியலில் இந்த வகைக்கு கே.எம். (கிராஸ்-மிஷ்லர்) 377 என்று எண். அதன் உட்பிரிவு நாணயச்சாலையைச் சொல்லும்: 377.10 மெக்சிகோ நகரம், 377.13 சகதேகாஸ், 377.8 குவானஹுவாதோ. உரை அதிகாரிகளின் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். மெக்சிகோ நகரத்தில் 1880களில் எம்.எச்., 1890களில் ஏ.எம்.; சகதேகாஸில் 1890களில் எஃப்.இசட். குறி, ஆண்டு, தலைப்பெழுத்து மூன்றும் பட்டியலில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. கள்ளக்காசு அடிப்பவன் ஒரு அச்சிலிருந்து ஆண்டையும் இன்னொன்றிலிருந்து எழுத்தையும் எடுத்துப் போட்டுவிடுவான். காசைத் தொடாமலே பாதியை இங்கேயே ஒதுக்கிவிடலாம்.

நடக்கவே முடியாத சேர்க்கைகளும் உண்டு. ஸ்பானிய மன்னர் தலை போட்ட காலனி ஆட்சிக் காசு 1772 முதல் 1821 வரை. மூன்றாம் கார்லோஸ் பெயர் 1789ஐத் தாண்டாது, நான்காம் கார்லோஸ் பெயர் 1808ஐத் தாண்டாது. 1732 முதல் 1771 வரை தூண் காசு. குல்லாயும் கதிரும் போட்ட காசில் எட்டு ஆர் என்ற மதிப்பு 1897ஓடு முடிகிறது. 1898 முதல் 1909 வரை அதே குல்லாய்க்குக் கீழே 'உன் பெசோ' என்றும் 902.7 என்றும் இருக்கும். அந்தப் பெசோவை அடித்தவை மெக்சிகோ நகரம், சகதேகாஸ், குவானஹுவாதோ, குலியகான் ஆகிய நான்கு நாணயச்சாலைகள் மட்டுமே. ஆகவே 1780 என்று ஆண்டு போட்ட குல்லாய்க் காசோ, 1795 என்று ஆண்டு போட்ட மூன்றாம் கார்லோஸ் காசோ கண்ணில் பட்டால் எடையே போட வேண்டாம், வைத்துவிட்டு நடக்கலாம்.

எழுத்துச் சோதனையில் தேறியதற்குத்தான் தராசு. 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசு போதும். ஓரளவு தேய்ந்த நல்ல காசு 26.5 முதல் 27.1 வரை நிற்கும். ஓட்டையோ பெரிய வெட்டோ இல்லாமல் 26க்குக் கீழே போனால் வேண்டாம். குறுக்களவு 38 முதல் 39.5 மில்லிமீட்டர். ஆனால் எடை மட்டும் சரியாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. பித்தளையைக் கொஞ்சம் தடிமனாக அடித்தால் 27 கிராம் வந்துவிடும். இங்கேதான் தண்ணீர் உதவும்.

மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள். கண்ணாடி டம்ளர் வேண்டாம், சிறு தராசு அதன் எடையைத் தாங்காது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தூண்டில் போடும் மெல்லிய நைலான் நரம்பில் சுருக்குப் போட்டுக் காசைக் கட்டி, கையால் பிடித்தபடி முழுவதும் தண்ணீரில் முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் இடிக்கக் கூடாது. தராசு இப்போது காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும். 902.7 வெள்ளிக்கு அது 10.3 சுமார், 27.07 கிராம் காசு தண்ணீரில் 2.6 கிராம் அளவு காட்ட வேண்டும். பித்தளை என்றால் 3.2, செம்பு என்றாலும் செம்பு நிக்கல் கலவை என்றாலும் 3.0, இரும்புக்கு மேல் வெள்ளி முலாம் என்றால் 3.4. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த முலாமும் மறைக்காது.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. காசின் குழிகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடி, நல்ல காசும் கெட்டதாகத் தெரியும்; தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. தையல் நூல் தண்ணீரைக் குடிக்கும், அதனால்தான் நைலான். காசு அடியைத் தொட்டுவிட்டால் எடை மொத்தமும் தராசில் ஏறி எண் எகிறும். மூன்று தரம் அளந்து, மூன்றும் 0.05க்குள் இருந்தால் நம்பலாம். முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

காந்தச் சோதனையைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். காந்தம் ஒட்டினால் கள்ளக்காசு, அதில் சந்தேகமில்லை. ஒட்டாததால் நல்லது என்று ஆகாது, பித்தளையும் ஒட்டாது. நகைக்கடையில் உள்ள எக்ஸ்ரே கருவியும் மேல்தோலை மட்டுமே படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றும். சுண்டிவிட்டு ஓசை கேட்பது நல்ல காசுக்குச் சரி, ஆனால் பலமுறை அடிபட்டு உள்ளே விரிசல் கண்ட காசு வெள்ளியாக இருந்தும் டொக்கென்று ஒலிக்கும். அமிலச் சொட்டு வேண்டவே வேண்டாம். அந்தத் தழும்பு போகாது.

உண்மையான வெள்ளியிலேயே வார்த்த கள்ளக்காசுக்குத் தண்ணீரும் பதில் சொல்லாது. அதற்குக் கண்ணும் பத்து மடங்கு லென்ஸும்தான். வார்ப்புக் காசின் படமில்லாத வெற்றுத் தளத்தில் ஊசிமுனைக் குழிகளும் குட்டிக் குட்டிப் பருக்களும் இருக்கும். எழுத்தின் ஓரம் சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கி, தளத்தோடு வழிந்து சேரும்; அச்சில் அடித்ததில் எழுத்து தளத்திலிருந்து செங்குத்தாக எழும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழைக் கோடு ஒன்று நடுவில் ஓடினாலோ, அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்த தடம் தெரிந்தாலோ அது இரு பாதி அச்சில் வார்த்தது. மன்னர் தலைக் காசின் விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வரும். அந்தக் கோலத்தை இரண்டு பட்டைகளால் உருட்டிப் பதித்ததால், எதிரெதிரான இரண்டு இடங்களில் அது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்த ஏறல் நல்ல அடையாளம், அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தேய்மானத்தையும் மெலிந்த அடியையும் பிரித்தறிவது அடுத்த பாடம். கழுகின் மார்பும் குல்லாய் எழுத்தும் பல காசுகளில் பிறக்கும்போதே சரியாகப் பதியவில்லை. தட்டையான இடத்தில் சுற்றியுள்ள தளத்தின் பளபளப்பே இருந்தால் அது மெலிந்த அடி. வழவழவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால் தேய்மானம். விலையில் இது பெரிய வித்தியாசம்.

இப்போது சாப் அடித்த காசுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். சீனத் துறைமுகங்களில் வெள்ளியை எண்ணுவதைவிட நிறுத்து வாங்குவதே வழக்கம். சராப்பு, அதாவது காசு மாற்றும் வணிகர், ஒருவர் காசைச் சோதித்து, நல்லது என்று கண்டால் தன் கடையின் முத்திரையைச் சிற்றுளியால் குத்திவிடுவார். அதுதான் சாப். தமிழில் சாப்பா, மலாயில் சாப், இந்தியில் சாப், எல்லாம் ஒரே சொல். கை மாற மாறக் குத்து ஏறும். பல ஆண்டு ஓடிய காசு அடி வாங்கி வாங்கிக் கிண்ணம்போல் குழிந்துவிடும். ஐரோப்பியப் பட்டியல்கள் இதைச் சேதம் என்று எழுதி விலையைக் குறைத்த காலம் உண்டு. நம் பகுதியில் சேர்ப்பவருக்கு அந்தக் குத்துகள்தான் காசின் பயணக் குறிப்பு. பளபளக்கும் ஒரு காசு மெக்சிகோ பெட்டியிலேயே தூங்கியிருக்கலாம். நான்கு சாப் வாங்கிய காசு பசிபிக்கைக் கடந்து, ஒவ்வொரு கடையிலும் தராசு ஏறி இறங்கியது. என் தேர்வு எப்போதும் இரண்டாவதுதான்.

அந்தப் பழக்கத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு 1869 முதல் 1873 வரை அடித்த தராசுப் பெசோவே சாட்சி. அதே எடை, அதே மாற்று, படம் மட்டும் தராசும் வாளும் சட்டச் சுருளும். சீன வணிகர்கள் தெரியாத முகம் என்று விலையைக் குறைத்தார்கள். மெக்சிகோ அரசு 1873இல் பழைய குல்லாய்க் காசுக்கே திரும்பியது. ஒரு நாட்டின் நாணயத்தின் முகத்தைக் கடல் கடந்த சராப்புக் கடைகள் தீர்மானித்த அரிய நிகழ்ச்சி இது. தராசுப் பெசோ ஒன்று, சாப் விழுந்த குல்லாய்க் காசு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கதை புரியும்.

சாப்புக்கு மதிப்பு வந்ததும் கள்ள சாப்பும் வந்துவிட்டது. தேய்ந்த நல்ல காசை வாங்கி நேற்று குத்தி இன்று விற்கிறார்கள். லென்ஸ் வைத்துக் குழியின் உள்ளே பாருங்கள். பழைய குத்தில் காசின் மற்ற இடத்தில் உள்ள அதே கருமை அடிவரை இருக்கும், குத்தியபோது ஓரத்தில் எழும்பிய உலோகமும் காசோடு சேர்ந்து தேய்ந்து மழுங்கியிருக்கும். புதுக் குத்தில் அடி வெளுத்துப் பளிச்சிடும், ஓரம் நகத்தில் கீறும். கருமையை ரசாயனத்தால் ஏற்றியிருந்தால் அது குழியில் மட்டும் திட்டாகத் தேங்கி நிற்கும். இன்னொன்று: ஒரு குத்து விழுந்தால் நேர் மறுபக்கத்தில் சிறிது தட்டையாவது தெரிய வேண்டும். வார்ப்பில் நகல் எடுத்த சாப்பில் அது இருக்காது.

நம் வீட்டுப் பெட்டிகளில் வரும் காசுகளுக்குத் தனிச் சிக்கல். காசுமாலையிலோ பதக்கத்திலோ இருந்தவற்றில் மேலே, பன்னிரண்டு மணி இடத்தில், வளையம் பற்றவைத்த தடமோ அடைத்த துளையோ இருக்கும். விளிம்பில் அந்த இடத்தை மட்டும் சாய்த்துப் பாருங்கள், நிறம் மாறித் தெரியும். சேகரிப்பு விலை பாதிக்கும் கீழே போய்விடும். குடும்பக் காசு என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், துளையை அடைக்கக் கொடுக்காதீர்கள்.

கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது ஒன்று: விளக்கு துலக்குவதுபோல் காசைத் துலக்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். விபூதித் துகள்கூட லென்ஸில் பார்த்தால் ஆயிரம் கீறல் போட்டிருக்கும். நூற்றாண்டில் படிந்த கருமை ஒரு நிமிடத்தில் போய், திரும்ப வராது. பசைபோல் பச்சையாக ஒட்டியிருந்தால் அது மலிவான பி.வி.சி. உறையிலிருந்து கசிந்தது. அதற்கு மட்டும் கலப்பில்லாத அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். கண்ணாடிச் சிமிழில் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவைத்து, எடுத்துப் புது அசிட்டோனில் ஒருமுறை முக்கி, காற்றில் காயவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கும் அடுப்பும் பக்கத்தில் எரியக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பினாங்குக் கடற்காற்றில் வைப்பதற்கும் வழி வேண்டும். வெள்ளியைக் கருக்க வைப்பது கந்தகம், அதற்குத் துணை ஈரம். ரப்பர் பேண்டு போட்டு வைத்த காசில் கருப்புக் கோடு விழுவது ரப்பரில் உள்ள கந்தகத்தால். செய்தித்தாளில் சுற்றுவதும் சாமி அறையில் சாம்பிராணிப் புகை படும்படி வைப்பதும் அதே வேலையைச் செய்யும். மைலார் (தெளிந்த பிளாஸ்டிக்) சன்னல் உள்ள அட்டை உறை மலிவும் நல்லதும். ஆனால் ஸ்டேப்ளர் கம்பி இங்கே சில ஆண்டுகளில் துருப்பிடிக்கும், அதன் முனை பக்கத்துக் காசைக் கீறும். கம்பியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். காசை எடுக்கும்போது நான்கு கம்பிகளையும் முதலில் கழற்றுங்கள். கடினமான கூடு வாங்குவதானால் காசை அளந்துவிட்டு வாங்குங்கள், எட்டு ரியால்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். கேமராவுக்கான உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிடலாம்.

தொடங்குபவருக்கு நான் சொல்லும் முதல் காசு 1880கள் அல்லது 1890களின் மெக்சிகோ நகர எட்டு ரியால், இரண்டாவது சகதேகாஸ். மூன்றாவதாக 1898 'உன் பெசோ' ஒன்று வாங்குங்கள், அதில் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. 1949இல் தேசியவாதச் சீன அரசுக்காக மெக்சிகோ இதே 1898 ஆண்டையும் ஏ.எம். எழுத்தையும் போட்டு 10 மில்லியனுக்கும் மேலான காசுகளை மறுபடி அடித்தது. எடையும் மாற்றும் ஒன்றே, அரசு அடித்ததுதான், கள்ளக்காசு ஆகாது. ஆனால் 1898இல் பிறந்தது வேறு, 1949இல் பிறந்தது வேறு. பிரிப்பதற்கு வழி பின்பக்கத்து விளிம்பை ஒட்டி ஓடும் மணிவரிசை. பழையதில் 139 மணி, மறு அச்சில் 134. கைப்பேசியில் நேராகப் படம் எடுத்துப் பெரிதாக்கி, பத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுங்கள்; புள்ளி வைக்காமல் எண்ணினால் எண்பதைத் தாண்டும்போது இடம் தவறிவிடும். எண்ணி முடித்ததும் உறை அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்: நாணயச்சாலை, ஆண்டு, தலைப்பெழுத்து, உலர் எடை, தண்ணீர் எடை, மணி எண்ணிக்கை, சாப் இருந்தால் எந்தப் பக்கம், கடிகாரத்தில் எத்தனை மணி இடத்தில்.